சத்தம் போடும் பிரமிடு

இடிந்த நகரம் என்றால் கப்சிப்பென்று கிடக்கும் என்று நினைப்போம். மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில், மாயா இன மக்கள் அந்தக் காலத்தில் கட்டிய சிச்சென் இட்சாவுக்குள் நுழைந்ததுமே காதருகே ஓர் உறுமல். மனைவி துள்ளிவிட்டாள். திரும்பினால், ஜாகுவார் தலை வடிவில் ஓர் ஊதலை வைத்துக்கொண்டு ஒரு வியாபாரி சிரிக்கிறார். இவர் ஊத, எதிர்க்கடைக்காரர் பதிலுக்கு ஊத, மாயா மன்னர்கள் காலத்தில்கூட அங்கே இத்தனை ஜாகுவார்கள் உறுமியிருக்காது.

அப்புறம் குக்குல்கான் பிரமிடு. பக்கத்துக்கு 91 படிகள், நான்கு பக்கமும் சேர்த்து 364, உச்சி மேடையோடு 365. வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. இப்போது ஏற அனுமதியில்லை என்றார் கைடு. என் முழங்கால்கள் மெக்சிகோ அரசை மனதார வாழ்த்தின.

படிக்கட்டுக்கு நேராக எங்களை நிறுத்தி, கைடு கையை ஒரே ஒரு தட்டு தட்டினார். ‘க்யூவ்’ என்று திரும்பி வந்தது. மாயர்கள் புனிதமாக நினைத்த கெட்சால் பறவையின் குரலாம். ஒவ்வொரு படியும் ஓசையைத் தனித்தனியாகத் திருப்பி அனுப்புகிறது. மேல்படிகளுக்குப் போகப் போக, ஒரு எதிரொலிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடிக்கொண்டே போவதால் சுருதி இறங்கிக்கொண்டே போகிறது. வேண்டுமென்றே இப்படிக் கட்டினார்களா, தற்செயலா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. தற்செயல் கட்சிதான் நான். கைடிடம் சொல்லவில்லை, சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் வெவ்வேறு குழுக்கள் ஒரே நேரத்தில் தட்ட ஆரம்பித்துவிட்டன. பிரமிடு கச்சேரியை முடித்து எழுந்த மாதிரி ஒரே கரகோஷம். இதில் பறவை எங்கே கேட்கும்? ஒரு பெரியவர் மட்டும் விடாமல் தட்டி, கை சிவந்து, தன் பறவையை வாங்காமல் நகர மாட்டேன் என்று நின்றார்.

பந்தாட்டக் களம் 168 மீட்டர் நீளம். சுவரில் மிக உயரத்தில் கல் வளையம். ரப்பர் பந்தை இடுப்பால் அடித்து ஆடினார்களாம். எனக்கு இடுப்பு குனியவே ஒத்துழைப்பதில்லை. இந்த முனையில் பேசினால் அந்த முனையில் கேட்கும் என்று சொல்லி, மனைவியைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு என்னை மட்டும் கோடிக்கு அனுப்பினார் கைடு. ஏதாவது சொல்லுங்கள் என்று அவளிடம் சைகை காட்டினார்.

"இந்த வெயில்ல கூட்டிட்டு வந்து, ஒரு தொப்பி வாங்கித் தர மனசு வரலையே இந்த மனுஷனுக்கு."

கேட்டதா என்று கைடு கையை ஆட்டினார். இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். பாவம், அவர் முகம் வாடிப்போனது. அதையே இன்னும் சத்தமாகச் சொல்லும்படி அவளைக் கேட்டுக்கொண்டார்.