ஏழு சிலிண்டர்களும் வாசிக்காத மகஜரும்

மூன்று மாத அலைச்சலுக்குப் பின், அதிகாரிகள் என் கடையில் கைப்பற்றிய ஏழு எரிவாயு சிலிண்டர்களில் ஆறை நேற்று மீட்டுக்கொண்டு வந்தேன். ஏழாவது போனது என் தவறு. மற்ற ஆறும் இத்தனை நாள் முடங்கியது, நான் வாசிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தால்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் டீக்கடை நடத்துகிறேன். ரேஷனிங் இன்ஸ்பெக்டர் இரண்டு பேருடன் வந்தபோது, பின்கட்டில் வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று அடுப்போடு இணைந்திருந்தது. கடைக்குப் பதிந்த சிலிண்டர்கள் வரத் தாமதமானதால், அவை வரும்வரை இரண்டு நாள் வடை போட்டது அதில்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "என் அனுமதியில்லாமல் எப்படி உள்ளே வரலாம்?" என்று வாதிட்டது வீண்வேலை. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 2000-இல் வந்த சமையல் எரிவாயு ஆணைப்படி, அதிகாரம் பெற்ற வழங்கல் துறை இன்ஸ்பெக்டர் மட்டுமல்லாமல், எண்ணெய் நிறுவனத்தின் விற்பனை அலுவலரும் உள்ளே நுழையலாம், சோதனையிடலாம், சிலிண்டரோடு ரெகுலேட்டரையும் கைப்பற்றலாம். அதே ஆணை, சோதனையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி நடத்த வேண்டும் என்றும் சொல்கிறது: அக்கம்பக்கத்தைச் சேர்ந்த, சார்பற்ற இரண்டு சாட்சிகள், கைப்பற்றியவற்றின் பட்டியல், கடைக்காரருக்கு அதன் நகல். நான் வாதிட்டிருக்க வேண்டியது இந்த இடத்தில். சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் ஒருவர் அவர்கள் வந்த ஜீப்பின் ஓட்டுநர்.

கைப்பற்றியதைப் பதிவுசெய்யும் அந்தப் பட்டியல், அதாவது மகஜர், மலையாளத்தில் இருந்தது. எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. "ஒரு ஃபார்மாலிட்டி மட்டுந்தான், சேட்டா" என்றார்கள், கையெழுத்திட்டேன். நகலைக் கேட்டு வாங்கவே ஒரு வாரம் ஆயிற்று. அதைப் பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் வாசித்துக் காட்டியபோதுதான், "எரிவாயு நிரம்பிய ஏழு சிலிண்டர்கள்" என்று எழுதியிருப்பது தெரிந்தது. வீட்டு சிலிண்டர் போக மற்ற ஆறும் கடைக்கான பெரிய சிலிண்டர்கள்; ஒன்றுக்கு 19 கிலோ என்றால் ஆறுக்கு 114 கிலோ. உரிமம் இல்லாமல் 100 கிலோவுக்கு மேல் வைத்திருந்ததாக விளக்கம் கேட்டு நோட்டீஸும் வந்தது. உண்மையில் அவற்றில் இரண்டு காலி. எரிவாயு உருளை விதிகளில் உள்ள 100 கிலோ வரம்பு எரிவாயுவின் எடைக்குத்தான், இரும்பின் எடைக்கல்ல.

அடுத்து அலைச்சல். தாலுகா அலுவலகத்துக்கு முதல் நாள் போனால் அலுவலர் வெளியே போயிருந்தார். மறுமுறை போனால் கோப்பு கலெக்டர் அலுவலகத்துக்குப் போயிருந்தது. அங்கே போனால், இணைப்பு எடுத்தபோது ஏஜென்சி கொடுத்த வவுச்சரைக் கேட்டார்கள். அது தொலைந்து பல வருடம் ஆகிறது. ஏஜென்சிக்காரர் முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதித் தரச் சொன்னார். ஒரு தாளுக்காக மூன்று நாள் கடையடைப்பு.

தமிழில் எழுதிய விளக்கத்தை, மலையாளத்தில் மாற்றி எழுதி வரச் சொல்லி எழுத்தர் திருப்பித் தள்ளினார். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. அதைச் சொன்னதும் பக்கத்து மேசைக்காரர் மனுவை வாங்கி, எண் போட்டு ரசீதும் கொடுத்தார். அந்த ரசீதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மனுவில் நான் கேட்டது ஒன்றுதான்: சிலிண்டர்களை எடை போடுங்கள். ஒவ்வொன்றின் காலி எடையும் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையிலேயே பொறித்திருக்கும். ஏஜென்சி கோடவுனில் எடை போட்டுப் பார்க்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான் சொன்னபடியே இரண்டு காலி. மற்ற நான்கும் சேர்ந்து 76 கிலோவைத் தாண்ட வழியில்லை, வீட்டு சிலிண்டரைச் சேர்த்தாலும் 90.2 தான்.

விசாரணையில் ஆறையும் விடுவித்து, வீட்டு சிலிண்டரை மட்டும் அரசுடைமையாக்கினார்கள். அதில் எனக்குப் புகாரில்லை.

உங்கள் கடைக்குச் சோதனைக்கு வந்தால், நிரம்பியது எத்தனை, காலி எத்தனை என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்; வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள். அன்று கழற்றிக்கொண்டு போன இரண்டு ரெகுலேட்டர்கள் மகஜரில் இல்லை. ஆகவே நேற்று கோடவுனிலும் இல்லை.