கொலுசுப் பட்டறை வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி

எங்கள் வீட்டு முன்கூடம்தான் அப்பாவின் கொலுசுப் பட்டறை. சேலத்தில் சிவதாபுரம், பனங்காடு பக்கம் இப்படி வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அப்படி ஒரு வீட்டுக்கு நாய்க்குட்டி வருகிறது என்று முடிவானதும், என்ன வாங்குவது என்பதைவிட எதையெல்லாம் தரையிலிருந்து தூக்குவது என்பதே பெரிய வேலையாகிவிட்டது. பட்டறையோ தறியோ இருக்கும் வீட்டில் குட்டி வளர்க்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

குட்டி இருந்தது ஏற்காட்டில். சித்தப்பா வேலை செய்யும் காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் ஒரு நாட்டு நாய் ஈன்றதில் ஒன்று, செவலை நிறம். 8 வாரம் ஆகாமல் தரமாட்டேன் என்று சித்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. வலிக்காமல் கவ்வுவது எப்படி என்பதைக் குட்டி பழகுவதே தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் விளையாடும்போதுதான்.

குட்டி வருவதற்கு முன்பே அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் எடுத்தவுடன் கேட்டது, "உங்க தெருவுல இப்ப கிட்டத்துல குட்டி ஏதாச்சும் செத்துச்சா?" மழைக்காலத்தில் எதிர்வீட்டுக் குட்டி ஒன்று ரத்தப் பேதியில் போயிருந்தது. பார்வோவாக இருக்கலாம் என்றார். அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் கிடக்கும். வழக்கமான சோப்புக்குச் சாகாது. செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் வாசலையும் முன்கூடத்தையும் முதலில் அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவினோம். பிறகு ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டு அலசினோம். அழுக்கின் மேல் பிளீச் ஊற்றினால் பலனில்லை, ஆகவே இந்த வரிசை மாறக் கூடாது. செருப்புகள் இப்போது கேட்டுக்கு வெளியே.

அடுத்தது பட்டறை. கொலுசு வேலை தரையில் உட்கார்ந்து செய்வது. அப்பாவின் கை எட்டும் எல்லாமே குட்டியின் வாய்க்கும் எட்டும். வெள்ளித் தூள் வீணாகாமல் இருக்க அப்பா தினமும் கூட்டி அள்ளிவிடுவார். ஆனாலும் பலகைக்கு அடியில் தலையைச் சாய்த்துப் பார்த்தபோது முத்து, திருகாணி, கம்பித் துண்டு எல்லாம் கிடந்தன. என்னை அதிகம் பயமுறுத்தியது கொலுசின் இணைப்புகளைப் பற்றவைக்கும் பொடி. அதில் பித்தளை கலப்பது வழக்கம். பித்தளையில் துத்தநாகம் உண்டு. அது நாயின் வயிற்று அமிலத்தில் கரைந்தால் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தப் பொடி, வெண்காரம், ஆசிட் கேன், மெருகு போடும் பூந்திக்கொட்டை என்று எல்லாமே பரணுக்குப் போயின. பட்டறை வாசலில் அப்பா தன் கையாலேயே குறுக்குப் பலகை ஒன்று அடித்தார். நான் கேட்காமலே அவர் செய்தது அது.

அம்மாயியிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. பனமரத்துப்பட்டி அரளி எங்கள் ஊர் முழுக்க மணக்கும் பூ. அம்மாயியின் பூசையில் அது இல்லாத நாளில்லை. அரளியில் பூ, இலை, குச்சி எல்லாமே விஷம், காய்ந்த சருகுகூட. இதயத் துடிப்பையே குலைத்துவிடும். "பூசைக்கு அரளி இல்லாம எப்படி கண்ணு?" என்று கேட்டார். பூவை நிறுத்தச் சொல்லவில்லை அம்மாயி, வாடின பூ கீழே விழக் கூடாது, அவ்வளவுதான் என்றேன். இப்போது பூக்கூடை ஆணியில் தொங்குகிறது. பழைய மாலை மூடி போட்ட டப்பாவுக்குள் போகிறது. கொல்லையில் இருந்த அரளிச் செடியை அவரே ஆள் வைத்து வேரோடு எடுக்கச் சொல்லிவிட்டார்.

ரோஜாத் தொட்டிகளுக்கு வைத்திருந்த ஆமணக்குப் புண்ணாக்கையும் தூக்கிக் கொடுத்துவிட்டோம். அதன் வாசனைக்கு நாய் தேடி வந்து தின்னும். சிறிதளவு தின்றாலே உயிர் போகலாம். காப்பிச் சக்கையை ரோஜாவுக்குப் போடுவதும் நின்றது, காப்பியில் உள்ள காஃபீன் நாய்க்கு ஆகாது.

கேட் கம்பிகளின் இடைவெளியில் குட்டி நுழைந்து தெருச் சாக்கடைக்குப் போய்விடும் என்பதால் கோழி வலை கட்டினோம். சம்ப்பு மூடிக்குப் பூட்டு. சுவர் விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைத்தது உண்ணிக்காக. நாய் உண்ணி விரிசலில்தான் ஒளிந்து முட்டையிடும். உண்ணி மருந்துகளில் பல சின்னக் குட்டிக்கு ஆகாதவை. டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவிவிடாதீர்கள், தயவுசெய்து.

வாங்கியவை கொஞ்சம்தான்: கனமான எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, கழுத்துப் பட்டை, கடிக்க ரப்பர் பொம்மை, ஒரு கம்பிக் கூண்டு. கூண்டுக்குள் பழைய வேட்டித் துண்டு. அந்தத் துண்டை முன்கூட்டியே ஏற்காட்டுக்குக் கொடுத்தனுப்பி, தாய் படுக்கும் இடத்தில் போட்டுவைக்கச் சொல்லியிருந்தேன். என் கணக்கில், வாங்கிய எதையும்விட அதுதான் அதிகம் உதவியது.

தை மாதத்தில் கூட்டிவந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும், அதனால் கிளம்பும் முன் சில மணி நேரம் தீனி கொடுக்க வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லியிருந்தேன். வழியில் வாந்தி இல்லை. முதல் இரவு கூண்டை என் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முனகும்போதெல்லாம் கம்பிக்குள் விரலை நீட்டினேன். துண்டில் முகம் புதைத்துத் தூங்கிவிட்டது.

சாப்பாடு அங்கே போட்டதேதான்: குழைந்த சோறும் வேகவைத்த கோழியும், ஒரு நாளைக்கு நான்கு வேளை. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு, எலும்பு எதுவும் கிடையாது. வேறு தீனிக்கு மாற்றுவதானால் ஒரு வாரம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியாக்கும் என்பதால் தண்ணீர் மட்டுமே வைக்கிறோம்.

பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் ஆயிற்று. 3 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை அடுத்த ஊசிகள், 16 வாரம் ஆகும்வரை. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதம் முடிந்ததும். ஊசிகள் எல்லாம் முடியும்வரை தெரு மண்ணில் இறக்கி விடுவதில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே அடைத்தால் எதைக் கண்டாலும் மிரளும் நாயாகிவிடும். அதனால் மாலையில் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதி வரை நடக்கிறேன், பஸ் ஹாரனும் தறிச் சத்தமும் காதுக்குப் பழகட்டும் என்று.