பட்டாணிப் பாத்தி

டிசம்பர் 3, 2023
நல்லூர்த் தேருக்கு வந்த அக்கா விட்டிட்டுப் போன பைக்கற்றை இன்றைக்குத்தான் உடைத்தேன். முப்பது விதை, எல்லாமே சுருங்கல். பன்னிரண்டு வருசமாக ரியூசனில் உருண்டை விதை, சுருங்கல் விதை என்று கரும்பலகையில் கீறிக் கீறி, பட்டாணியை வைத்துப் பரம்பரையை ஆராய்ந்த மெண்டலைப் படிப்பிக்கிறேன். ஒரு பட்டாணிச் செடியை நேரில் கண்டதில்லை. பேணியில் ஊறப்போட்டேன். அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி பார்த்தார்.
“உது நுவரெலியாச் சாமான். எங்கட செம்மண்ணில, இந்த வெயிலுக்கு நிக்காது.”
அவ்வளவுதான். கதைத்தால் எரியுதாம்.

டிசம்பர் 4
ஊறினதில் எல்லாச் சுருக்கமும் போய் முப்பதும் உருண்டை. மெண்டல் பார்த்தால் தலையில் கை வைப்பார். வாழைக்குக் கிழக்கே, பின்னேர வெயில் விழாத இடத்தில் பாத்தி. ஒரு விரற்கணு ஆழம்.

டிசம்பர் 8
அப்பாவின் வாயிலிருந்து சோதனைக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்தாச்சு. ரிப்போர்ட்டுக்கு இரண்டு கிழமையாம்.

டிசம்பர் 10
பதினேழு முளை. விடிய ஒருக்கா எண்ணினேன், மத்தியானமும் எண்ணினேன். அதே பதினேழு.

டிசம்பர் 13
மூன்று நாளாக விடாத மழை. இருபத்திரண்டு வந்தது, ஆறு அடியில் அழுகிச் சாய்ந்துவிட்டது. மழைக்குள்ளே அப்பா வாசற்படி வரைக்கும் வந்து நின்று கையால் காட்டினார்: வாய்க்காலை அறுத்து விடு, தண்ணியை வெளிய விடு. நாற்பது வருசம் வெங்காயமும் புகையிலையும் போட்ட கை. அறுத்துவிட்டேன். மிச்சம் பதினாறு.

டிசம்பர் 19
நாலரைக்கே திருவெம்பாவைச் சங்கு. அப்பாவும் முழிப்பு, நானும் முழிப்பு, இரண்டு பேரும் நித்திரை போல் கிடந்தோம். விடிந்ததும் பூவரசங் கொப்பு குத்தினேன். செடியின் நுனியில் நூல் மாதிரி ஒரு சுருள். மத்தியானத்துக்குள் கொப்பைச் சுற்றிவிட்டது!

டிசம்பர் 22
இன்னும் வரவில்லை என்கிறார்கள். கொழும்பிலிருந்து வரவேண்டுமாம்.
தேரன்று தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடித்த அப்பா, பாதியில் முகத்தைச் சுழித்தார். நான் பார்த்தேன். வாயைத் திறக்கச் சொன்னேன். இடது கன்னத்தின் உள்ளே வெள்ளையாய் ஒரு தடிப்பு, புகையிலை அடக்குகிற அதே பக்கம். “பல்லு குத்தினதடா தம்பி” என்றார். சரி என்று விட்டுவிட்டேன். விட்டது நான். செப்ரெம்பர் போனது, ஒக்ரோபர் போனது. ஜனவரி 4 உயர்தரப் பரீட்சை, மீட்டல் வகுப்பு, வினாத்தாள் திருத்தல். பிள்ளைகளுக்குக் கலப்பிரிவு படிப்பித்துக்கொண்டு இருந்தேன், வீட்டில் அப்பா சோற்றை ஒரு பக்கமாய் மென்றுகொண்டு இருந்தார். அம்மாவுக்கு முதலே தெரியும் போல. சோற்றைக் குழையவிடத் தொடங்கியது எப்போது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டா.
பதினாறு. இன்றைக்கும் பதினாறு.

டிசம்பர் 26
நேற்று நத்தார், இன்றைக்குப் போயா. எல்லாம் பூட்டு.

ஜனவரி 2
இலை மஞ்சள் பிடிக்கிறது. ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தேன், ஒரு முடிச்சும் இல்லை. பக்கத்துப் பயற்றங்கொடியின் வேரில் கொத்துக் கொத்தாய் முடிச்சு, நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. பட்டாணிக்கு வேறு இன பக்றீரியா வேண்டும். எங்கள் வளவில் ஒருத்தரும் பட்டாணி போட்டதில்லை, அது எங்கேயிருந்து வரும்? யூரியா கொஞ்சம் போடட்டோ என்று கேட்டேன். அப்பா தலையாட்டி மறுத்தார். பிறகு சிலேற்றில் எழுதிக் காட்டினார்: சாணித் தண்ணி. (சிலேற்று என்னுடைய பாலர் வகுப்புச் சிலேற்று. அம்மா எங்கே வைத்திருந்தாவோ.)

ஜனவரி 5
கிழங்கு மசித்து அரைக் கோப்பை. தேத்தண்ணி ஆறவைத்து. புகையிலை கேட்கவில்லை.

ஜனவரி 9
பூ!! வெள்ளை. ஒரு காம்பில் இரண்டு. இது விரியமுதலே உள்ளுக்குள் தன்பாட்டில் மகரந்தம் சேர்ந்துவிடும், வண்டு வரவேண்டியதில்லை. அதனால்தான் மெண்டல் மொட்டைப் பிரித்து மகரந்தக் கூட்டைக் கிள்ளி எடுக்க வேண்டியிருந்தது. 1856 முதல் 1863 வரை, இருபத்தெட்டாயிரம் செடியளவில். எனக்குப் பதினைந்தே தாங்கமுடியவில்லை. அம்மா போனில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினா. அக்கா பூவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ரிப்போர்ட்டைத்தான் கேட்டா.

ஜனவரி 12
மழை விட்டதும் வெயில் ஏறிவிட்டது. நாலு பூ உதிர்ந்து கிடந்தது. பட்டாணிக்குப் பூக்கிற நேரம் குளிர் வேண்டும். பழைய கிடுகு இரண்டை எடுத்துச் சாய்த்துக் கட்டினேன். அப்பா சொன்னது சரி என்று நான் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 15
பொங்கல். இரண்டு கரண்டி சாப்பிட்டார், கண்ணில் தண்ணியோடு. இனிப்பும் எரியுதாம். ஆனால் கோலத்துக்குப் பக்கத்தில் கதிரையைப் போடச் சொல்லி, வெடி முடியும் வரைக்கும் இருந்தார்.

ஜனவரி 19
ஏழு காய். தட்டை. வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே குண்டூசித் தலையளவில் வரிசை. ஒன்றில் ஐந்து, ஒன்றில் ஆறு. கீழ் இலைகளில் மாப் பூசினமாதிரிச் சாம்பல் நோய். கிள்ளி எரித்தேன்.

ஜனவரி 20
மனம் சரியில்லை. எண்ணவில்லை.

ஜனவரி 23
பத்தரைக்குப் போன். நாளைக்கு வரட்டாம். “ஆளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, வீட்டில ஒரு பெரியாக்களும் வாங்கோ.” வேறொன்றும் சொல்லவில்லை. ஏன் பெரியாக்கள்? எனக்கு முப்பத்தெட்டு வயசு.
பின்னேரம் அப்பா தடியை ஊன்றிக்கொண்டு பாத்தியடிக்குப் போனார். நான் போகவில்லை, யன்னலால் பார்த்தேன். குனிந்து ஒரு காயைப் பிடுங்கினார். இன்னும் முற்றவில்லை என்று கத்த வாய் வந்தது. நகத்தால் பிளந்து, ஒரு மணியை வலது பக்கக் கடைவாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். மென்றாரா, துப்பினாரா, தெரியவில்லை. மிச்சக் காயை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்.

ஜனவரி 24
ஐந்தே முக்கால் பஸ். பாத்திக்கு வாளியால் ஊற்றவேண்டாம், பூவாளியால் ஊற்றுங்கோ என்று அம்மாவிடம் சொன்னேன். அவவும் சீலை மாற்றிக்கொண்டு நிற்கிறா.