ஹெரால்டு முன்பக்க வேலை: கிரீஸை வழித்த மூன்று ஞாயிறுகள்

பெரியப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 2. சென்னையிலேயே செய்த வண்டி. பார்க்கக் குடும்பக் கார் மாதிரி இருந்தாலும், 1962-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதற்கும் முன் சஸ்பென்ஷன் அமைப்பு ஒன்றுதான்: மேலே ஒரு விஷ்போன் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் V வடிவக் கை), கீழே ஒன்று, நடுவில் காயில் ஸ்ப்ரிங், அதற்குள் ஷாக் அப்சார்பர். ஸ்பிட்ஃபயர் புண்ணியத்தில் பாகங்களை இங்கிலாந்தில் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தத் தெம்பில் கடினம் கூட்டிக் குறைக்கக்கூடிய ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி வரவழைத்தேன். ஸ்ப்ரிங் மட்டும் பழைய அளவிலேயே. விறைப்பான ஸ்ப்ரிங் ரேஸ் டிராக்குக்குச் சரி, வேளச்சேரி ஸ்பீடு பிரேக்கருக்கு முதுகு தாங்காது.

இந்த வண்டியில் ஒரு சுகம், பானட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்தபடியே பாதி வேலையை முடிக்கலாம், பள்ளம் தோண்ட வேண்டியதில்லை. முதல் ஞாயிறு மதியத்துக்குள் இடது பக்க ஸ்ப்ரிங் வெளியே வந்துவிட்டது. அதை அமுக்கும் கருவியை ஏக்காட்டுதாங்கலில் ஒரு லேத் பட்டறையில் கனமான திருகுத் தண்டு வைத்துச் செய்து வாங்கினேன். அமுங்கிய ஸ்ப்ரிங் தெறித்தால் பல் மிஞ்சாது, இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

ஸ்ப்ரிங்கை எடுத்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. கீழ் விஷ்போனின் நுனியில் ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலக் கட்டை இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து லிங்க்கின் அடிமரை அதற்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு ஊற்ற வேண்டியது ஈ.பி. 90 கியர் ஆயில் என்று கம்பெனிப் புத்தகத்திலேயே இருக்கிறது. என் வண்டியில் கழற்றிப் பார்த்தால் மெழுகாக இறுகிய கிரீஸ். அது மரையின் அடிவரை போகவே இல்லை. அடியில் மழைத்தண்ணீர் தேங்கி, லிங்க்கின் மரை துருப்பிடித்து அரித்திருந்தது. ஓடும்போது அது முறிந்தால் சக்கரம் அப்படியே மடிந்து வண்டிக்கு அடியில் போகும். போன மாதம் இதில்தான் அம்மாவை மாமல்லபுரம் கூட்டிப்போய் வந்தேன்.

இத்தனை வருஷம் வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். "அதுல போய் யாருனா எண்ணெ ஊத்துவாங்களா தம்பி? நிப்பிள் இருந்தா கிரீஸ்தான்" என்றார். அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. நிப்பிள் என்பது கிரீஸ் கன்னை மாட்டும் சின்ன முனை, அதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

புதுப்பேட்டையில் அரைநாள் சுற்றியதில் கிடைத்த லிங்க் என்னுடையதைவிட மோசம். மறுபடி இங்கிலாந்துக்கே ஆர்டர்: இரண்டு லிங்க், இரண்டு ட்ரன்னியன். இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர்த் திசை. மாற்றி வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் மல்லுக்கட்டியதை வீட்டில் சொல்லவில்லை. முழுக்கத் திருகிவிட்டு, ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி நிறுத்த வேண்டும். அந்த இடைவெளி விடாவிட்டால் ஸ்டீயரிங் கடைசிவரை திரும்பாது.

இரண்டாவது ஞாயிறு செய்தது சுத்த முட்டாள்தனம். விஷ்போனின் மூட்டுகளில் புது ரப்பர் வளையம் (புஷ்) போட்டு, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை எல்லாம் முறுக்கிவிட்டேன். ஜாக்கியை இறக்கினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை போல. ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டுவிட்டது. எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியின் பாரம் டயரில் உட்கார்ந்த பிறகு திரும்ப முறுக்கியதில் மூன்றாவது ஞாயிறும் போயிற்று.

அலைன்மென்ட் கடைக் கம்ப்யூட்டரில் ஹெரால்டு என்ற பெயரே இல்லை. வீட்டிலேயே இரண்டு பக்கமும் நூல் கட்டி, முன்சக்கரங்கள் ஒன்றரை மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்கும்படி, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருப்பி வைத்தேன்.

நேற்று காலை பழவந்தாங்கல் வரை ஒரு நடை. வளைவில் திருப்பிக் கையை விட்டால் ஸ்டீயரிங் தானே நேராக வருகிறது. இத்தனை நாள் அது வராததைப் பழைய வண்டியின் குணம் என்றே நினைத்திருந்தேன். காசு கொட்டி வாங்கிய ஷாக் அப்சார்பரின் குமிழை இன்னும் மிக மென்மையான நிலையிலிருந்து திருப்பவே இல்லை.

டிஸ்க் பிரேக் வேலை மழைக்காலம் முடிந்த பிறகுதான். கிரீஸ் கன்னைக் கழுவி அதில் கியர் ஆயில் நிரப்பி வைத்திருக்கிறேன். அது இரண்டு பக்கமும் ஒழுகுகிறது. போர்ட்டிகோ தரையில் சொட்டுவதற்குப் பழைய தோசைக்கல் ஒன்றை அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை.