முகூர்த்தம் இல்லாத மாதங்களில்

பாலக்கோட்டில் எங்கள் அண்ணன் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் அவர் எடுப்பார், ஆல்பம் டிசைன் என் வேலை. முகூர்த்தம் பார்க்காமல் வருஷம் முழுக்க வருகிற வேலை ஒன்றும் உண்டு. விடிந்தும் விடியாமல் ஷட்டரைத் தட்டுவார்கள். திறந்தால் பைக்கில் இரண்டு பேர், கையில் ஒரு ஆதார் அட்டை. "மத்தியானம் எடுக்கறாங்க, அதுக்குள்ள பேனர் வேணுங்க."

அட்டையில் இருக்கிற படம் தபால்தலை அளவுதான். வரிசையில் நிற்க வைத்து, "கண்ணை மூடாதீங்க" என்று அதட்டி, கம்ப்யூட்டர் மேலே ஒட்டியிருக்கும் கேமராவில் எடுத்தது. அதை ஸ்கேன் செய்து, முகத்தை மட்டும் வெட்டி, எங்களிடம் ரெடியாக இருக்கும் கோட்டு சூட்டு உடம்பில் பொருத்தி, ஆறடி பிளக்ஸுக்குப் பெரிதாக்க வேண்டும். பெண்கள் என்றால் பட்டுப்புடவை உடம்பு, கழுத்தில் நெக்லஸோடு. ஆயுசு முழுக்க செங்கல் சூளையில் லுங்கியோடு நின்றவருக்கு நீலக் கோட்டும் டையும் மாட்டியிருக்கிறேன். பதினாறாம் நாள் படத்திறப்புக்கும் அதே முகத்தைத்தான் பன்னிரண்டுக்குப் பதினெட்டு சைஸில் ப்ரேம் போட்டுக் கொடுப்போம். பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் அந்தக் கோட்டுக்காரர்தான்.

செத்தவருக்கு உருவம் வைப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்கள் நிற்கின்றன. மாடு மீட்கப் போய் விழுந்தவனுக்குக் கல், புலியோடு மோதிச் செத்தவனுக்குக் கல். அவர்களுக்கும் செத்த பிறகுதான் சிற்பி வந்திருக்கிறான். உயிரோடு இருக்கும்போது நாலு பேரும் சேர்ந்து நின்ற ஒரு படம், எடுக்க வசதி இல்லாத வீட்டிலும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இந்த பேனர் வேலையிலிருந்துதான் வந்தது. செல்போனில் எடுக்கிறார்களே என்பீர்கள். எடுக்கிறார்கள். போன் தொலைகிறது, டிஸ்ப்ளே உடைகிறது, ரிப்பேர் கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துக் கொடுக்கிறார். அப்புறம் அதே ஆதார் அட்டையோடு எங்கள் கடைக்கு வருகிறார்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, கேமரா பீரோவில் தூங்கும். அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமங்களுக்குப் போய் குடும்பப் படம் எடுத்து, அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுக்கலாம், காசு வேண்டாம் என்றேன். "யாருக்கு?" என்று கேட்டார் அண்ணன். இலவசம் என்றால் ஊரே வரும், வரட்டும். ஆனால் நாங்கள் தேடிப்போக வேண்டிய வீடுகள் வேறு. படுத்த படுக்கையாக ஆள் இருக்கும் வீடு, சம்பாதித்தவர் போய்ச் சேர்ந்த வீடு, அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டுப் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டிருக்கும் வீடு. அந்த விவரமெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கிற ஒரு அக்கா எங்கள் தெருவில் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கி வைத்தார்களே, அந்தத் திட்டம்தான். பிரஷர், சுகர் மாத்திரையோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்களுக்குத் தெரியாத கஷ்டம் ஊரில் இல்லை. அவர் முதலில் அந்த வீட்டில் கேட்டுச் சம்மதம் வாங்குவார், பிறகுதான் எங்களிடம் சொல்வார். அங்கன்வாடி டீச்சர்களும் அப்படியே.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. குடும்பம் மொத்தமும் வீட்டில் இருக்கும் நாள் எங்கள் பக்கம் ரொம்பக் குறைவு. போகிக்கு முந்தின நாள் பெங்களூர் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழியும், ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போக வருவார்கள், மாரியம்மன் பண்டிகைக்கு வருவார்கள். அந்த நாள்களை விட்டால் பாதிக் குடும்பம்தான் கிடைக்கும்.

பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். அந்த வீட்டுக்காரருக்கு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகையும் ஷீட்டும் அடிக்கிறது. சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரே அறை, நடுவில் கட்டில். மனைவி தக்காளி பறிக்கப் போகிறார். மகள் ஒன்பதாவது, பையன் சின்னவன். நாங்கள் போனதும் அந்தம்மா சொன்னது, "படத்துல கட்டில் தெரியக் கூடாதுங்க." அவரோ சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இன்னாத்துக்குப் படம்? அவங்களை எடுங்க" என்றார்.

அண்ணன் கேமராவை வெளியிலேயே எடுக்கவில்லை. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சென்ட்ரிங் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஷீட்டா, பலகையா, எத்தனை நாளில் பிரிப்பார்கள், மேஸ்திரி எந்த ஊர் என்று. அவரும் பேசினார். தான் சென்ட்ரிங் அடித்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அடையாளம் சொன்னார். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து காபி குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

கட்டில் தெரியாமல் எடுக்க வழி ஒன்றுதான், எல்லோரும் தரைக்கு வந்துவிடுவது. பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கிப் பாயில் உட்காரவைத்தார்கள். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் மடித்த ரஜாய். மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம், எல்லோருக்கும் தலை ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்துவிட்டது. மூத்திரப் பையை அந்தம்மா தன் முந்தானைக்குப் பின்னால் தள்ளி வைத்தார், நாங்கள் யாரும் சொல்லவில்லை. வெளிச்சம் வாசல் வழியாக ஒரு பக்கம் மட்டும் வந்தது. இன்னொரு பக்கம் முகம் இருட்டாமல் இருக்க, ஒரு வெள்ளை வேட்டியைப் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிக்கச் சொன்னோம். ஃபிளாஷ் அடித்தால் வேலை சுலபம், ஆனால் சின்ன அறையில் நேராக ஃபிளாஷ் அடித்தால் ஆதார் படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. ஐம்பது எம்எம் லென்ஸில் அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, 5.6. நாலு பேர் உட்காரும் படத்தில் 1.8 என்று அகலமாகத் திறந்து வைத்தால் ஓரத்தில் இருப்பவர் மங்கிவிடுவார். ஓரத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த வீட்டில் யாரும் கவனிக்காத பிள்ளையாக இருக்கும்.

எல்லாம் தயாரானதும் அவர் மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, என் வாட்ச் எடு" என்றார். வாட்ச் ஓடவில்லை. கட்டிக்கொண்டார்.

பிரிண்டருக்கு வருகிறேன். எங்களிடம் இருப்பது கேனான் செல்ஃபி, கையோடு தூக்கிப்போகிற சின்னப் பெட்டி. தாள் அதற்குள்ளே நாலு தடவை போய் வரும். முதலில் மஞ்சள், அப்புறம் சிவப்பு, அப்புறம் நீலம், கடைசியில் மேலே ஒரு பூச்சு. மொத்தம் ஒரு நிமிஷம்தான், பிள்ளைகளுக்குப் படம் எடுத்ததை விட இதுதான் வேடிக்கை. மஞ்சள் மட்டும் வந்ததும் சின்னவன், "அப்பாவுக்கு மஞ்சக்காமாலை" என்று கத்தினான். முழுப்படம் வந்ததும் அவர் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மனைவியிடம், "காலு நல்லாத்தான் இருக்கு பாரு" என்றார். அந்தம்மா அவர் தோளில் ஒரு அடி வைத்தார்.

இந்தப் படத்தால் அந்த வீட்டுக்கு ஒரு வேளை அரிசி வராது, எனக்கே தெரியும். அதனால் குடும்பப் படம் எடுத்த கையோடு, அதே சட்டையில் ஆளாளுக்கு பாஸ்போர்ட் சைஸும் எடுத்து ஒரு தாளில் எட்டு எட்டாகப் போட்டுக் கொடுக்கிறோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், விதவை உதவித்தொகைக்கும், பள்ளிக்கூடத்துக்கும் இதைத்தான் கேட்கிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க வந்துவிட்டு, போட்டோ இல்லை என்று தருமபுரி பஸ் ஸ்டாண்டு வரை திரும்ப நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு முறை ஒரு அறக்கட்டளைக்காரர் பேச வந்தார். பிரிண்டர் தாள் செலவை அவர்களே ஏற்பார்கள், பதிலுக்குக் குடும்பங்களுக்குப் பின்னால் அவர்கள் பேனர் தெரிய வேண்டும், படங்களை முகநூலில் போட வேண்டும். "கஷ்டம் தெரியற மாதிரி ரெண்டு படம் இருந்தா நல்லாருக்கும்" என்றார். நான் முடியாது என்றேன். அண்ணனுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான், தாள் விலை அப்படி.

அந்த அறக்கட்டளைக்காரரிடம் நான் சொல்லாத ஒரு கதை உண்டு. 1936இல் கலிஃபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்கும் கூலிகள் முகாமில், டோரதியா லாங்கே ஒரு தாயையும் பிள்ளைகளையும் படம் எடுத்தார். உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த படங்களில் அது ஒன்று. அவர் அந்தத் தாயின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். முகாமுக்கு அரசாங்க உணவு போய்ச் சேர அந்தப் படம் காரணமாக இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பார்க்கிறவர்களுக்காக எடுத்த படம். எங்கள் படம் அந்த வீட்டுச் சுவருக்கு. அதனால் மெமரி கார்டில் இருப்பதை நாங்கள் எங்கேயும் போடுவதில்லை. அமெரிக்காவிலேயே 2009 டிசம்பரில் ஜெரமி கவார்ட் என்ற போட்டோகிராபர் இந்த மாதிரி எடுத்துக் கொடுப்பதை ஹெல்ப் போர்ட்ரெய்ட் என்று ஓர் இயக்கமாகவே நடத்தினார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எல்லோரும் சந்தோஷமாக வந்து நிற்பார்கள் என்று நினைக்க வேண்டாம். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். தாலி அறுத்தவள் நடுவில் நிற்கக் கூடாது என்று ஒதுங்குகிறவர்கள் அதைவிட அதிகம். வற்புறுத்த மாட்டோம். பேத்தி கையைப் பிடித்து இழுத்தால் மட்டும் வந்துவிடுகிறார்கள், அது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

ஊரில் இல்லாத அப்பாவை ஒட்டிக் கொடுக்கச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். இறந்தவர் என்றால் செய்து கொடுக்கிறேன், கோட்டு மாட்டாமல். உயிரோடு இருந்து பெங்களூரில் வேலை பார்ப்பவர் என்றால் பொங்கலுக்கு வரட்டும், நாங்களும் வருகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் இதைப் பிடிவாதம் என்கிறார். இருக்கலாம்.

அவருக்கும் எனக்கும் இப்போது சண்டை படத்தின் கீழ் மூலையைப் பற்றி. ஸ்டுடியோ பெயர் சின்னதாக இருந்தால் என்ன, கல்யாண ஆர்டர் வருமே என்கிறார். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்போகிற படத்தில் நம் கடைப் பெயர் எதற்கு என்கிறேன் நான். கடைசியில் பின்பக்கத்துக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்திருக்கிறோம். கடைப் பெயர், அதற்குக் கீழே தேதிக்கு ஓர் இடம், படத்தில் இருப்பவர்களின் பெயர் எழுத நாலு கோடு. வருகிற ஆடியிலிருந்து அதுதான். மை காய நேரமாகிறது என்பது இப்போதைக்கு அண்ணன் சொல்லும் குறை.