மாசா மாசம் பீரியட்ஸ் வருது, ஆனா முட்டை வெடிக்கல

கல்யாணமாகி ரெண்டு வருஷம் தாண்டியும் விசேஷம் இல்லைன்னா எங்க ஈரோட்டுப் பக்கம் சொந்தக்காரங்க கேக்குற முதல் கேள்வி "மாசா மாசம் ஒழுங்கா தூரமாகறியா சாமி"ங்கறதுதான். ஆமாங்கன்னுதான் சொல்லுவேன், ஏன்னா எனக்கு 33, 34 நாளைக்கு ஒருக்கா வந்துரும், அதுவும் வயித்து வலி, இடுப்பு வலி எதுவும் இல்லாம. எங்க நங்கையா சுடுதண்ணிப் பையோட படுத்துக்கிட்டு "உனக்கென்ன புண்ணியவதி"ம்பாங்க.

டாக்டர் முதல்ல அவரோட செமன் டெஸ்ட்டை எடுத்துட்டு வாங்கன்னாங்க (இதுக்கு எங்கத்தை மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே), அது நார்மல். எனக்கு தைராய்டு, ப்ரோலாக்டின் ரெண்டும் நார்மல், ஆனா பீரியட்ஸ் வந்த 21ஆம் நாள் எடுத்த ப்ரொஜெஸ்டிரான்ங்கற ஹார்மோன் 0.4. முட்டை வெடிச்சிருந்தா, அதாவது ஓவரியில இருந்து வெளிய வந்திருந்தா, 3க்கு மேல இருக்கணுமாம். ஆனா இந்த 21ஆம் நாள் கணக்கு 28 நாள் சைக்கிள்காரங்களுக்குத்தான், அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி எடுக்கறதுதான் விஷயம், எனக்கு அது 26, 27ஆம் நாள் வரும். அதனால அடுத்த மாசம் அப்படி எடுக்கச் சொன்னாங்க, அப்பவும் 1 தாண்டல. ரிப்போர்ட்ல கம்மின்னு பாத்து அழுகறவங்க முதல்ல எந்த நாள்ல எடுத்தோம்னு பாருங்க.

அப்ப மாசா மாசம் வர்றது என்னன்னு கேட்டேன். முட்டை வெடிச்சு வெளிய வந்த அந்த இடத்துலதான் ப்ரொஜெஸ்டிரான் சுரக்குமாம், வெடிக்கலைன்னா அது கிடையாது, ஈஸ்ட்ரஜன் மட்டும் கர்ப்பப்பை உள்சுவரை வளத்துக்கிட்டே போகும், ஒரு அளவுக்கு மேல தாங்காம அது உதிர்ந்து ரத்தமா வரும், நாம பீரியட்ஸ்னு நினைச்சுக்கறோம். முட்டையே வரலைன்னா நாள் பாத்து சேந்து என்ன புண்ணியம். குழந்தை வேண்டாம்கறவங்களும் இதை அப்படியே விடக்கூடாதாம், வருஷக்கணக்கா போனா உள்சுவர் தடிச்சு கேன்சர் வரைக்கும் போக வாய்ப்பிருக்கு.

ஸ்கேன்ல பிசிஓஎஸ்னு வந்துச்சு, அதாவது ஹார்மோன் கோளாறால ஓவரியில முட்டைங்க சின்னச் சின்னதாவே நின்னுருது. நான் ஒண்ணும் குண்டு இல்ல, அதனால இது எனக்கு இருக்கும்னே தோணல. மெடிக்கல்ல வாங்கி வீட்டுல பாத்த எல்ஹெச் (முட்டை வெடிக்கறதுக்கு முன்னாடி ஏறுற ஹார்மோன்) ஸ்ட்ரிப்ல எப்பப் பாத்தாலும் ரெண்டு கோடு ஏன் வந்துச்சுன்னும் அப்பத்தான் புரிஞ்சுது, பிசிஓஎஸ் உள்ள நிறைய பேருக்கு அந்த ஹார்மோன் எப்பவுமே கூடத்தான் இருக்குமாம், ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது.

அப்புறம் ஃபாலிக்குலர் ஸ்டடி, முட்டைப்பை எத்தனை மில்லிமீட்டர் வளந்திருக்குன்னு சில நாளைக்கு ஒருக்கா ஸ்கேன்ல பாக்கறது. யூரின் போயிட்டு வந்து வரிசையா உக்காந்திருப்போம், பேரெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, "உங்களுக்கு எத்தனாவது நாளுங்க"தான். கையில ஒரு சீட்டு, நாள், வலது ஓவரி, இடது ஓவரி, உள்சுவர் தடிமன்னு கட்டம் போட்டிருக்கும். பக்கத்துல இருக்கற அக்கா சீட்டுல 14, 17, 19னு ஏறிட்டே போகும், என் சீட்டுல ரெண்டு பக்கமும் எம்எஸ்எஃப், எம்எஸ்எஃப்தான். சின்னச் சின்னதா நிறைய இருக்கு, ஒண்ணுகூட வளரலன்னு அர்த்தம். அந்த சீட்டைப் பர்சுக்குள்ள மடிச்சு வெச்சுக்குவேன், யாராச்சும் எட்டிப் பாத்துருவாங்கன்னு.

முட்டை வளர்றதுக்கு லெட்ரோசோல் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, பீரியட்ஸ் வந்த 3ஆம் நாள்ல இருந்து அஞ்சு நாள், 2.5 எம்ஜி. மெடிக்கல்ல இருந்த பையன் சீட்டைப் பாத்துட்டு என்னை ஒரு மாதிரி பாத்தான், வீட்டுக்கு வந்து தேடுனா மார்பகப் புற்றுநோய் மாத்திரைன்னு வருது, குழந்தை உண்டாகறதுக்கு இதைக் குடுக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல 2011ல தடை வேற போட்டிருக்காங்க. டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன். தடையை 2017ல எடுத்துட்டாங்கம்மா, 2014ல அமெரிக்காவுல 750 பிசிஓஎஸ் பெண்களை வெச்சுப் பாத்ததுல இதுல 27.5 சதவீதம் பேருக்கு குழந்தை பொறந்துச்சு, பழைய மாத்திரை க்ளோமிஃபீன்ல 19.1தான்னாங்க. கேட்டதுக்கு எரிஞ்சு விழாம சொன்னாங்களே, அதுக்கே பாதி பயம் போயிருச்சு.

2.5ல ஒண்ணும் அசையல. 5 ஆக்குனதும் வலது பக்கம் ஒண்ணு 12, 15, 19னு வளந்து, அதை வெடிக்க வைக்கற ஹெச்சிஜி ஊசி போட்டாங்க. ஊசி போட்டு 36 மணி நேரம் ஒட்டி வெடிக்குமாம், வெளிய வந்த முட்டை ஒரு நாளைக்கு மேல தாங்காது, விந்தணு அஞ்சு நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், அதனால ஊசி போட்ட அன்னைக்கும் அடுத்த ரெண்டு நாளும் சேரச் சொன்னாங்க. எங்கத்தை அன்னிக்குப் பாத்துத்தான் குலதெய்வம் கோயிலுக்குப் போகணும்னு நின்னாங்க, அவரே பேசி அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சாரு. ரெண்டு நாள் கழிச்சு ஸ்கேன்ல வெடிச்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க, ப்ரொஜெஸ்டிரானும் 11. அந்த மாசம் மார்ல வலி, வயித்து வலின்னு எல்லாம் சேந்து வந்துச்சு, பீரியட்ஸும் வந்துருச்சு. நங்கையாகிட்ட போய் அந்த சுடுதண்ணிப் பையைக் குடுங்கன்னு வாங்கிட்டு வந்தேன்.

முட்டை வெடிச்சாலும் எல்லா மாசமும் தங்காது, இதே டோஸ்ல இன்னும் சில மாசம் பாக்கலாம், அப்புறமும் ஆகலைன்னா கருக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு ட்யூப் டெஸ்ட் பண்ணிட்டு ஐயூஐ (விந்தணுவை நேரா கர்ப்பப்பைக்குள்ள செலுத்தறது) பத்திப் பேசலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. இந்த மாசம் மறுபடியும் 5 எம்ஜி, முதல் ஸ்கேன் வர்ற திங்கக்கிழமை.