மூன்று துண்டு சாட்சியம்

"எல்லாரும் ஒரே பொருளை வைத்துச் சமைத்தால் எப்படி இருக்கும்?" என்று ஒரு புதன்கிழமை இரவு, தூக்கக் கலக்கத்தில், எங்கள் சமையல் குழுவில் ஒரு வரி போட்டேன். போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் பதினேழு கட்டைவிரல். "சூப்பர் அக்கா", "எப்போ அக்கா?", "ரூல்ஸ் போடுங்க அக்கா". யார் நடத்துவது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வாயைத் திறந்தவள்தான் நடத்த வேண்டும் என்பது அவர்களுக்குள் பேசாமலே முடிவாகிவிட்டது.

குழுவில் முப்பது சொச்சம் பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. இன்னார் வீட்டு அடுப்பு மேடை என்ன நிறம், எந்தத் தட்டில் விளிம்பு உடைந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முகம்தான் தெரியாது.

மர்மப் பொருள் போட்டி என் சொந்த மூளையில் உதித்தது இல்லை. 1993-ல் ஜப்பான் தொலைக்காட்சியில் 'அயர்ன் செஃப்' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். அன்றைய பொருள் என்ன என்பது கடைசி நிமிடம் வரை ரகசியம். அறிவித்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் அதை வைத்தே பல பதார்த்தங்கள் சமைத்தாக வேண்டும். அங்கே நடுவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து ருசி பார்ப்பார்கள். எனக்குக் கிடைக்கப்போவது போட்டோ. போட்டோவை நக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

அதற்காக நான் கண்டுபிடித்ததுதான் சாட்சி முறை. சமைத்ததை வீட்டில் ஒருவர் சாப்பிட்டுவிட்டு, இரண்டு வரியோ ஒரு குரல் பதிவோ சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி சொல்லும்போது சமைத்தவர் பக்கத்தில் நின்று முறைக்கக் கூடாது. அதை வைத்துக் குழுவே ஓட்டுப் போடும். இந்த விதியை எழுதி முடித்தபோது எனக்கு என் மீதே ஒரு மரியாதை வந்தது. அது நான்கு நாள்தான் நீடித்தது.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதல் அடி. வேர்க்கடலை என்று நினைத்தேன், ஒருவருக்கு அலர்ஜி. முட்டை, இரண்டு பேர் தொடமாட்டார்கள். பால்; ஒருவருக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. காளான், "அது செடியும் இல்லை, விலங்கும் இல்லை, எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை" என்று எப்போதோ ஒருவர் எழுதியது ஞாபகம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொட்டலத்தின் மேல் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14 என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். கோதுமை, மீன், சோயா, எள், கடுகு என்று போகும். அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் யாருக்கும் ஆகாமல் போகாத, யாருக்கும் பெரிதாகப் பிடிக்கவும் செய்யாத ஒன்று கையில் நின்றது. பீட்ரூட்.

முதலில் நானே சமைத்துப் பார்க்கலாம் என்று மூன்று கிலோ வாங்கினேன். ஏன் மூன்று கிலோ என்று வீட்டுக்காரர் கேட்டார். ரகசியம் என்றேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் உருண்டு விழுகிற ரகசியத்தை அதுவரை பார்த்ததில்லை என்றார்.

விதிகளைத் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் ஒரு கேள்வி: "அக்கா, தாளோட ஓரத்துல இருக்கிற கைரேகை பீட்ரூட்டா, ரத்தமா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கீழ்மூலையில் என் கட்டைவிரல், கோடு கோடாக, செக்கச்செவேலென்று. ரேகை நிபுணர்களே பாராட்டும் தெளிவு. என்ன செய்வது? "ரத்தம்" என்று எழுதினேன். அப்புறம் மூன்று பேர் போன் செய்து, விரலுக்கு என்ன ஆச்சு, தையல் போட்டீர்களா என்று விசாரித்தார்கள். ஒருத்தியிடம் இரண்டு தையல் என்று சொல்லிவிட்டேன். அவள் அடுத்த வாரம் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை பொருளை அறிவித்தேன். "ரத்தம்" என்று பதினோரு பேர் பதில் போட்டார்கள். அந்தப் பதினோரு பேரே போட்டியாளர்கள் ஆனார்கள்.

கடைசி நேரம் ஞாயிறு நள்ளிரவு 12 மணி என்று எழுதியிருந்தேன். இதைவிடத் தெளிவாக எழுத முடியாது என்பது என் எண்ணம். அது சனிக்கிழமை முடிந்து ஞாயிறு பிறக்கும் 12 மணியா, ஞாயிறு முடியும் 12 மணியா என்று ஒருவர் கேட்டார். சரி, ஞாயிறு முடியும்போது என்றேன். யாருடைய ஞாயிறு என்று இன்னொருவர் கேட்டார். குழுவில் பல தேசத்து ஆட்கள். உலகத்தின் இரண்டு ஓரங்களுக்கும் இடையே கடிகார வித்தியாசம் 26 மணி நேரம் என்பதையும், தினமும் இரண்டு மணி நேரம் பூமியில் மூன்று தேதிகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பீட்ரூட் அறிவித்த அன்று இரவு ஒரு மணிக்கு ஒரு மனுஷி உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது? "நான் தூங்கப் போகும் வரை" என்று விதியை மாற்றினேன். யாரும் எதிர்க்கவில்லை.

இங்கே வக்கீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வக்கீல் இல்லை, பல் டாக்டர். ஆனால் குழுவில் எந்தக் குறிப்பில் 'தேவையான அளவு உப்பு' என்று வந்தாலும், யாருக்குத் தேவையான அளவு என்று கேட்பவர். சனிக்கிழமை காலை அவர் ஒரு கோப்பைத் தேநீர் போட்டோ போட்டார். வெறும் தேநீர். கீழே விளக்கம்: இதில் போட்டிருக்கும் சர்க்கரை பீட் கிழங்கிலிருந்து எடுத்தது. சர்க்கரை பீட்டும் நாம் சமைக்கும் பீட்ரூட்டும் ஒரே இனத்துச் செடி. 1747-லேயே மார்க்கிராஃப் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பீட் கிழங்கில் இருப்பதும் கரும்பில் இருப்பதும் ஒரே சர்க்கரைதான் என்று காட்டிவிட்டார். இன்றைக்கும் உலகத்துச் சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பீட்டிலிருந்துதான் வருகிறது. ஆகவே இது பீட்ரூட் பதார்த்தம். சாட்சி: அவருடைய மனைவி. சாட்சியம்: "டீ நல்லா இருக்கு."

தேடிப் பார்த்தேன். அத்தனையும் உண்மை. அதுதான் எரிச்சல். உடனே ஒரு திருத்தம் போட்டேன்: "பீட்ரூட் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அல்லது சாட்சியின் நாக்குக்காவது தெரிய வேண்டும்." வக்கீல் ஒரு கும்பிடு போட்டு விலகிக்கொண்டார். அவ்வளவு சுலபமாக அவர் விலகியதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மற்றவர்கள் ஒழுங்காகச் சமைத்தார்கள். இரண்டு சூப், ஒரு நூடுல்ஸ், கட்லெட், சாலட், பொரித்த சீவல். எல்லாமே சிவப்பு. வரிசையாகப் பார்த்தால் உணவுப் போட்டி மாதிரி இல்லை, விபத்துப் பிரிவு மாதிரி இருந்தது. சாட்சிகள்தான் என் மனதைக் குளிர்வித்தார்கள். ஒரு ஏழு வயதுக்காரன், "மண்ணு மாதிரி இருக்கு, ஆனா அம்மா பாவம்" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தான். குழுவில் இருக்கும் வேதியியல் வாத்தியார் அவனுக்காக வாதாடினார். பீட்ரூட்டில் ஜியோஸ்மின் என்ற பொருள் இருக்கிறதாம். மழை பெய்ததும் கிளம்பும் மண் வாசனையிலும் அதே பொருள்தானாம். லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடுமாம். பையன் சொன்னது குறை இல்லை, ஆய்வறிக்கை என்றார். அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்த மாதிரி தெரியவில்லை.

கடைசியாக வந்தாள் கேக்காரி. எதைக் கொடுத்தாலும் கேக் ஆக்கிவிடுகிற பெண். ஞாயிறு காலை அவள் போட்ட முதல் போட்டோவில் மாவு அப்படியே ரோஜா நிறம். நாற்பது நிமிடம் கழித்து அடுத்த போட்டோ: பழுப்பு. செங்கல் என்றால் செங்கல். "அக்கா, நான் கேக்கை மாத்தலை, சத்தியமா இது அதே கேக்" என்று அழுகிற முகம்.

வாத்தியார் மறுபடி வந்தார். பீட்ரூட்டின் சிவப்புக்கு இரண்டு எதிரிகள்: சூடும், சோடாவும். புளிப்பு இருந்தால் நிறம் நிற்கும். ஆப்ப சோடா போன்ற காரம் பட்டால் மஞ்சளும் பழுப்புமாகத் திரும்பிவிடும். அவள் இரண்டையும் ஒருசேரச் செய்திருந்தாள். "அடுப்பில் வைக்காமல் பச்சைச் சாறாக, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து சேர்த்துப் பாரம்மா" என்றார்.

மாலையில் புதுக் கேக் வந்தது. இந்தத் தடவை சாக்லேட் கேக். மேலே கெட்டியான சாக்லேட் குழம்பு. அந்தக் குழம்புக்குள்தான் ஒரு தம்ளர் பச்சை பீட்ரூட் சாறு. நிறம் நின்றதா என்றால் நின்றிருக்கும். ஆனால் சாக்லேட் கறுப்பில் யார் கண்டது? சாட்சி அவளுடைய மாமனார். நாற்பது விநாடிக் குரல் பதிவு. முதல் முப்பது விநாடி மெல்லுகிற சத்தம். அப்புறம்: "நல்லா இருக்கும்மா. மூணு துண்டு சாப்பிட்டேன். அந்த பீட்ரூட் போட்டிக்கு எப்ப சமைக்கப் போற? அதை மட்டும் எனக்குக் குடுத்துடாதே, எனக்கு ஆகவே ஆகாது."

குழு சிரித்து உருண்டது. ஓட்டெல்லாம் அங்கேதான் போய் விழுந்தது, பதினொன்றில் எட்டு. முடிவை அறிவிக்க விரலைத் தூக்கினேன். வக்கீல் வந்தார்.

"அக்கா, ஒரு சின்ன சந்தேகம். பீட்ரூட் கண்ணுக்குத் தெரியவில்லை. சாட்சியின் நாக்குக்கும் தெரியவில்லை. சாட்சியே அதை மறுக்கிறார். உங்கள் விதிப்படி இது தகுதி இழந்த பதார்த்தம். என் தேநீருக்கு ஒரு நியாயம், கேக்குக்கு ஒரு நியாயமா?"

பதில் இல்லை என்னிடம். விதியை எழுதியவள் நான். இரவு பதினொன்றரை வரை குழு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஒரு கோஷ்டி, மாமனாருக்கு நாக்கில் கோளாறு, சாட்சியை மாற்று என்றது. இன்னொரு கோஷ்டி, சாறு பிழிந்த சக்கையை ஆதாரமாகக் காட்டச் சொன்னது. சக்கை குப்பைக்குப் போய்விட்டதாம். நான் தூங்கப் போனால் போட்டி முடிந்துவிடும் என்பது விதி. அதனால் தூங்கவும் பயமாக இருந்தது. கடைசியில் கண் தானாகச் சொருகிவிட்டது.

விடிகாலை ஐந்து மணிக்கு போன். கேக்காரி. குரல் நடுங்கியது.

"அக்கா, மாமா பாத்ரூம் போயிட்டு வந்து உக்காந்துட்டாரு. சிவப்பா போகுதாம். டாக்டர்கிட்ட போகணும், உயில் எழுதணும்ங்கிறாரு."

"மூணு துண்டா சாப்பிட்டாரு?"

"நாலு. ராத்திரி யாருக்கும் தெரியாம ஒண்ணு."

எனக்கு எங்கிருந்துதான் அந்த நிதானம் வந்ததோ. பீட்ரூட் சாப்பிட்ட பிறகு சிறுநீர் சிவப்பாவது நூற்றில் பத்துப் பேருக்குமேல் நடப்பதுதான், அதற்குப் பீட்டூரியா என்று பெயர்கூட இருக்கிறது, ஆபத்தில்லை, ஓரிரு நாளில் சரியாகாவிட்டால் மட்டும் டாக்டரைப் பாருங்கள் என்றேன். முந்தின வாரம் மூன்று கிலோ பீட்ரூட் வாங்கியபோது இதையெல்லாம் படித்திருந்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மண்டையில் மணி அடித்தது. சாறு வெந்திருந்தால் நிறம் செத்திருக்கும். வாத்தியார் சொல்படி பச்சையாக ஊற்றியதால்தான் மாமனார் வழியாக இவ்வளவு தூரம் பிழைத்து வந்திருக்கிறது.

"அப்போ மாமாகிட்ட என்னன்னு சொல்றது? கேக்குல பீட்ரூட் இருந்துச்சுன்னு ஒத்துக்கணுமே?"

"ஒத்துக்கோ. உயிரா, கேக்கான்னு வந்தா வேற வழி இல்லை."

அவருடைய அனுமதியோடு, விவரம் அதிகம் இல்லாமல், ஆதாரம் கிடைத்துவிட்டது என்று குழுவில் எழுதினேன். என்ன ஆதாரம் என்று எல்லாரும் கேட்டார்கள். வாத்தியாருக்கு மட்டும் புரிந்துவிட்டது. "வேதியியல் வாழ்க" என்று போட்டார். பத்து நிமிடம் கழித்து வக்கீலிடமிருந்து வந்தது: "சாட்சியின் நாக்குக்குத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. விதி திருப்தி அடைகிறது. ஆட்சேபணையை வாபஸ் வாங்குகிறேன்."

கேக்காரி ஜெயித்தாள். பரிசு, அடுத்த போட்டிக்கு அவளே பொருளைத் தேர்ந்தெடுப்பது. நடத்துவதும் அவள்தான் என்பதை நைஸாகச் சேர்த்துவிட்டேன். என் வீட்டில் இன்னும் ஒன்றரைக் கிலோ உருண்டுகொண்டிருக்கிறது.

அன்று மாலை அவள் எண்ணிலிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. மெல்லுகிற சத்தம் இல்லை. குரலைத் தாழ்த்தி, மருமகள் காதில் விழாமல் பேசுகிற தோரணை.

"அம்மா, நான் அவளோட மாமனார் பேசறேன். கேக் பாக்கி ரெண்டு துண்டு இருக்கு. சாப்பிட்டா மறுபடி சிவப்பாத்தானே போகும், வேற ஒண்ணும் ஆகாதே?"